கடைசிக் கூறு

பூலோகம் கூறு போட்டால் தராசு வேண்டாம். தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் குடியிருந்த அந்தச் சந்து முழுவதும் இதை ஒப்புக்கொள்ளும். ஒப்புக்கொள்ளாதவன் ஒருவன் இருந்தான் என்றால் அவன் சைவமாக இருந்திருப்பான்.

தீபாவளிக்குக் காலையிலேயே பாந்த்ராவில் பிடித்துவந்த ஆட்டை ஜமால் அறுப்பான். அவன் மேலப்பாளையத்துக்காரன். அவன் கையால் அறுத்தால்தான் அவனும் சாப்பிட முடியும் என்பதால் அந்த வேலை என்றைக்கும் அவனுக்கே. உரித்து வெட்டியதும் பூலோகம் சாக்கை விரித்து, பதினொரு இலைகளை வரிசையாகப் பரப்பி உட்காருவார். தொடைக்கறி, நெஞ்செலும்பு, ஈரல், கொழுப்பு, குடல் என்று ஒவ்வொன்றாக எடுத்து இலை இலையாக வைத்துக்கொண்டு போவார். முடிந்ததும் எவன் எந்த இலையை எடுத்தாலும் ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். வானமாமலை என்ற பெரியவர் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டுதான் எடுப்பார், எல்லோரும் சிரிப்பார்கள்.

இதில் ஒரே ஒரு சட்டம் உண்டு. கூறு போட்டவன் கடைசியில் மிஞ்சுகிற கூறைத்தான் எடுக்க வேண்டும். கை கோணினால் அந்தக் கோணல் தன் சட்டியில்தான் விழும் என்று தெரிந்தவன் கை கோணாது. இதைக் கண்டுபிடித்தவன் எந்தக் காலேஜிலும் படித்தவன் அல்ல.

பூலோகம் கறிச்சட்டியோடு வீட்டுக்குள் நுழையும்போது அவர் மனைவி கோமதியம்மாள் வருஷா வருஷம் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"கடைசிக் கூறுதானே?"

"பின்னே?" என்பார் அவர்.

"இந்த வீட்டுக்கு விதிச்சது என்னைக்கும் கடைசிக் கூறுதான்" என்று சலித்துக்கொண்டே வாங்குவாள். சலிப்பில் முக்கால்வாசி பெருமை.

பூலோகத்துக்கு ஊர் நாங்குநேரிப் பக்கம். இருபது வயதில் பம்பாய்க்கு வந்து, முதலில் தோல் பதனிடும் இடத்தில் நாற்றத்தில் நின்றார், பிறகு சரக்கு ரயில் யார்டில் மூட்டை தூக்கினார். செம்பூரில் ஒரு பெயிண்ட் கம்பெனி திறந்தபோது கோடவுனில் டிரம் ஏற்றும் வேலைக்குப் போனவர், இரண்டே வருஷத்தில் முக்காதம் ஆகிவிட்டார். முக்காதம் என்றால் கூலிக் கூட்டத்துக்குத் தலைவன். ஆள் சேர்ப்பது, வேலை பிரிப்பது, லீவு கொடுப்பது, சண்டை தீர்ப்பது எல்லாம் அவர்தான். தன் கூட்டத்துப் பத்துப் பேரையும் அவரே ஊரிலிருந்து ஒவ்வொருவராகக் கூட்டிவந்தார். யாருக்கு முதுகுவலி, யார் பெண்டாட்டிக்கு மாசம், யார் நேற்றுக் குடித்தான் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தன. ஒரு காகிதத்திலும் இல்லை.

தின்னர் நிறைந்த டிரம்மை லாரியில் ஏற்ற நாலு பேர் வேண்டும். பலகையைச் சாய்த்து, இரண்டு பேர் மேலிருந்து இழுக்க, இரண்டு பேர் கீழிருந்து தள்ள வேண்டும். வானமாமலைக்கு ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது, முழங்கால் போய்விட்டது. பூலோகம் அவரை எப்போதும் கீழே இடது பக்கம் நிறுத்துவார். அந்தப் பக்கம் பலகைக்கு அடியில் ஒரு செங்கல் கிடந்து பாதிக் கனத்தை அதுவே வாங்கிக்கொள்ளும். வலது பக்கம் தன் மச்சினன் கணேசபாண்டியனை நிறுத்துவார். கோமதியம்மாளின் தம்பி அவன். இரண்டு ஆள் பலம், மூன்று ஆள் சாப்பாடு. பெரியவர் கையை வைத்துக்கொண்டு "ஏலே தள்ளு" என்று சத்தம் போட்டால் போதும், டிரம் ஏறிவிடும். பார்க்கிறவனுக்கு நாலு பேர் தள்ளியதாகத்தான் தெரியும்.

அப்படித் தெரியவைப்பதுதான் பூலோகத்தின் தொழில்.

*

கம்பெனி ஆரம்பித்த நாளில் ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தார். "முக்காதம், பத்து ஆள், மூணு லாரி" என்று கத்திவிட்டுப் போவார். மூணு லாரியும் போய்விட்டால் அதன்பிறகு அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. அறுபத்திரண்டில் அவர் கப்பலேறினார். அவர் உட்கார்ந்த ஒரு நாற்காலி இருந்த இடத்தில் எட்டு நாற்காலிகள் வந்தன.

அந்த வருஷங்களில் பம்பாயில் ஒரு புது இனம் உருவாகிக்கொண்டிருந்தது. இவர்கள் முதலாளிகள் அல்ல, கம்பெனி இவர்களுடையதல்ல. தொழிலாளிகளும் அல்ல, ஒரு டிரம்மைத் தொட்டுப் பார்த்திருக்கமாட்டார்கள். ஆனால் ஒரு டிரம் எத்தனை நிமிஷத்தில் ஏற வேண்டும் என்று இவர்களுக்குத் தெரியும். சட்டையில் இரண்டு பேனா, பேச்சில் பாதி இங்கிலீஷ். யாரையும் திட்டமாட்டார்கள், அதுதான் இவர்களிடம் பயப்பட வேண்டிய விஷயம்.

அப்படி வந்தவர்தான் பெர்சனல் ஆபீசர் வேங்கடசுப்ரமணியன். மாட்டுங்காவில் வீடு, முப்பது வயது, நெற்றியில் மெல்லிசாக ஒரு திருநீற்றுக் கோடு. ஆள்களை எப்படி நிர்வகிப்பது என்று ஒரு வருஷம் படித்துவிட்டு வந்திருந்தார். அறுபத்து நாலாம் வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் பூலோகத்தைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"வாங்கோ பூலோகம். உக்காருங்கோ."

ஒன்பது வருஷத்தில் அந்தக் கம்பெனியில் பூலோகம் ஒரு நாற்காலியிலும் உட்கார்ந்ததில்லை. நுனியில் உட்கார்ந்தார். கோப்பையும் சாஸருமாக டீ வந்தது. தமிழ் பேசுகிற ஆபீசர், மரியாதை தெரிந்தவர், நம்மூர் ஆள் என்று அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாவம், நாமாக இருந்தாலும் குளிர்ந்திருக்கும்.

"உங்க கேங்க்ல பத்துப் பேரையும் கம்பெனி ரோல்ல எடுத்துண்டு பர்மனென்ட் பண்ணணும்னு நான் எழுதியிருக்கேன். இத்தனை வருஷமா டெம்பரரியா வச்சிருக்கறது அநியாயம்" என்றார் ஆபீசர். "அதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஃபாரம்."

ஃபாரத்தில் ஐந்து கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் ஒரு பெயர், அடுத்ததில் இரண்டு, நடுவில் நாலு, அதற்கடுத்து இரண்டு, கடைசிக் கட்டத்தில் ஒன்று. பத்துப் பேரையும் வேலைத் திறமைப்படி பிரித்து எழுத வேண்டும்.

"எல்லாரையும் நடுக்கட்டத்துலயே போட்டா என்ன சார்?"

ஆபீசர் சிரித்தார். ஒரு காகிதத்தை எடுத்து வளைவாக ஒரு கோடு போட்டுக் காட்டினார். "எந்த நாட்டுல எந்தப் பத்துப் பேரை எடுத்தாலும் மனுஷா இப்படித்தான் இருப்பா. ரொம்ப நன்னா பண்றவன் ஒருத்தன், ரொம்ப மோசமா பண்றவன் ஒருத்தன், மத்தவா நடுவுல. இது சயன்ஸ், பூலோகம்."

பூலோகத்துக்கு அது கவிழ்த்துப்போட்ட சட்டி மாதிரி இருந்தது.

"நாலு பேரு சேந்துல்லா சார் ஒரு டிரம்மத் தூக்குதானுவ. அதுல எவன் பலம் எம்புட்டுன்னு எப்படிப் பிரிக்க?"

"அதுக்குத்தானே உங்களைக் கேக்கறேன். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அங்கேதான் வினை. ஒவ்வொருவனின் பலமும் அவருக்குக் கடைசிச் சொட்டு வரை தெரியும். மறைப்பதற்காகத் தெரிந்துவைத்திருந்தார். எடுத்து எழுதுவதற்காக அல்ல.

"கடைசிக் கட்டத்துல இருக்கவனுக்கு என்ன ஆவும் சார்?"

"ஒண்ணும் ஆகாது. ரெக்கார்டுக்குத்தான். யாருக்கு ட்ரெயினிங் வேணும்னு தெரிஞ்சுக்கறதுக்கு."

இதை அவர் பொய்யென்று தெரிந்து சொன்னார் என்றால் அது பாவம். அவருக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

"அப்போ எம் பேரைக் கடைசியில போட்டுருங்க சார்."

"நீங்க போடறவர் இல்லையா? போடறவர் பேர் ஃபாரத்துல வராது."

டீயைக் குடித்து முடித்தபோதும் அந்த வார்த்தை பூலோகத்தின் தொண்டையில் நின்றது. போடுகிறவன் பெயர் வராத கூறு எப்படிப்பட்ட கூறு என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் பத்துப் பேரும் பர்மனென்ட். அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூலோகத்தின் கோலியில், அந்த ஒற்றை அறையில், பத்துப் பேரும் இடித்துப் பிடித்து உட்கார்ந்தார்கள். கம்பெனி ஃபாரம் நடுவில் பாயில் கிடந்தது. ஆலோசனை நீண்ட நேரம் நடக்கவில்லை. அவர்களுக்கு இதெல்லாம் பழக்கமான காரியம். ஒரு பொருளைப் பத்துப் பேருக்குப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதானே.

முதல் கட்டம் வானமாமலைக்கு. மூப்புக்கு மரியாதை. அவர் "எனக்கு எதுக்குவே முதல் கட்டம், முட்டியே மடங்கல" என்று கூச்சப்பட்டார், யாரும் கேட்கவில்லை. இரண்டாம் கட்டம் அந்த வருஷம் பிள்ளை பிறந்த இரண்டு பேருக்கு, ஜமாலுக்கும் திருவேங்கடத்துக்கும். மற்றவர்களுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். கடைசிக் கட்டத்துக்கு முன்னால் எல்லோரும் கொஞ்சம் நிறுத்தினார்கள்.

"இதுல சீட்டு வேண்டாம்" என்றார் பூலோகம். "கூறு போடுதவன் நான். கடைசிக் கூறு எம் வீட்டுக்கு உள்ளது. எம் பேரு வராதுங்காரு ஆபீசரு. அப்போ எம் வீட்டு ஆளு பேருதான் வரணும்."

எல்லோரும் கணேசபாண்டியனைப் பார்த்தார்கள். அவன் சுவரில் சாய்ந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தான். சித்திரையில்தான் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பெண்டாட்டி ஆறுமுகத்தாய் ஊரில் இருந்தாள். பர்மனென்ட் ஆனதும் அவளைக் கூட்டிவருவதற்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கோலிக்குச் சொல்லிவைத்திருந்தான்.

"போடுங்க அத்தான்" என்று சிரித்தான் அவன். "கட்டத்துக்குள்ள உக்காந்தா நான் என்ன இளைச்சா போயிருவேன்?"

இசக்கி என்பவன்தான் கூட்டத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் எழுத்து தெரிந்தவன். அவன் பெயர்களை எழுதினான். பூலோகம் தமிழில் கையெழுத்துப் போட்டார். டீ கொண்டுவந்த கோமதியம்மாள் எட்டிப் பார்த்து, "இதுலயும் இந்த வீட்டுக்குக் கடைசிக் கூறுதானா?" என்றாள். அறை அதிரச் சிரித்தார்கள். அந்தப் பதினொரு பேரும் சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தது அதுதான் கடைசி.

*

ஐப்பசி பிறந்ததும் கவர்கள் வந்தன. ஒன்பது வெள்ளைக் கவர், ஒரு பழுப்புக் கவர். வெள்ளைக் கவரில் பர்மனென்ட் ஆர்டர். பழுப்புக் கவரில், வேலைத்தரம் போதாத காரணத்தால் இந்த மாதத்தோடு தேவையில்லை என்று இரண்டே வரி இருந்தது. இசக்கி அதை இரண்டு தரம் படித்தான். இங்கிலீஷ் தனக்குச் சரியாக வரவில்லையோ என்று அவனுக்குச் சந்தேகம்.

பூலோகம் ஆபீசர் அறைக்கு ஓடினார். இந்தத் தடவை அவரை உட்காரச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, தானே உட்கார்ந்துவிட்டார்.

"அவன்தான் சார் இருக்கதுலயே கெட்டிக்கார ஆளு. அவன் இல்லன்னா ஒரு டிரம்மு ஏறாது."

"நீங்கதானே கடைசியில போட்டேள்?"

பூலோகம் எல்லாவற்றையும் சொன்னார். ஆடு, இலை, கூறு, கூறு போட்டவன் கடைசியில் எடுக்கும் வழக்கம், வானமாமலையின் முழங்கால், செங்கல் வரைக்கும். ஆபீசர் முகம் வெளுத்துப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஹெட் ஆபீஸ்ல நூத்துக்குப் பத்து ஆளைக் குறைக்கச் சொல்லிட்டா. யாரைன்னு கேட்டா. ஃபாரம் இருந்தது" என்றார். குரல் உண்மையிலேயே கம்மியிருந்தது. "இப்ப நீங்க சொன்னதை எழுதிக் குடுங்கோ, நான் மேல அனுப்பறேன். ஆனா என்ன நடக்கும்னு சொல்லிடறேன். ஃபாரமே பொய்னு ஆயிடும். ஒன்பது பேர் ஆர்டரும் நின்னு போகும். பொய்க் கையெழுத்துப் போட்டேள்னு உங்களையும் அனுப்பிடுவா. அப்பறம் என்னையும். எனக்கும் ஒரு ஃபாரம் இருக்கு, பூலோகம். அதை மேல ஒருத்தர் போடறார்."

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேஜைமேல் வைத்து, பேனாவைத் திறந்து அதன்மேல் வைத்தார். நியாயமான மனுஷன்தான். ஜன்னலுக்கு வெளியே கோடவுனில் லாரி நின்றது. "தள்ளு, ஏலே தள்ளு" என்று வானமாமலையின் சத்தம் கேட்டது.

பூலோகம் தாளைப் பார்த்தார். ஒன்பது வெள்ளைக் கவரையும் நினைத்தார். ஒன்பதை மட்டுமா நினைத்தார் என்று பிற்பாடு அவர் தன்னையே கேட்டுக்கொண்ட நாள்கள் உண்டு. பேனாவைத் தொடவில்லை.

"வாரேன் சார்" என்று எழுந்துவிட்டார்.

வீட்டில் கோமதியம்மாளும் கணேசபாண்டியனும் காத்திருந்தார்கள். "சொல்லிப் பாத்துட்டேன். கேக்கமாட்டேன்னுட்டாரு" என்றார். அந்த வீட்டில் அவர் சொன்ன முதல் பொய் அது. கோமதியம்மாள் தம்பியின் தோளைத் தொட்டாள். "விடுங்க அத்தான், பம்பாயில கம்பெனியா இல்ல?" என்று கணேசபாண்டியன்தான் அவரைத் தேற்றினான்.

பம்பாயில் கம்பெனிக்குக் குறைவில்லைதான். ஆனால் எல்லாக் கம்பெனியிலும் அதற்குள் ஒரு பெர்சனல் ஆபீசர் வந்துவிட்டார். முன்பெல்லாம் கேட்டில் போய் நின்றால் முக்காதம் தோளைத் தட்டிப் பார்த்து உள்ளே விடுவான். இப்போது, இதற்கு முன் எங்கே இருந்தாய், ஏன் விட்டாய், காகிதத்தைக் காட்டு என்றார்கள். அந்த ஆபீசர்கள் எல்லாம் ஒரே வகுப்பில் படித்தவர்கள், போனில் பேசிக்கொள்கிறவர்கள். அம்பர்நாத்தில் ஒரு ஃபாக்டரியில் கணேசபாண்டியன் ஒற்றை ஆளாக ஒரு மெஷின் பாகத்தைத் தூக்கிக் காட்டினான். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். உள்ளே போய் வந்த கிளார்க், "உன் பழைய கம்பெனியில தரம் போதாதுன்னு இருக்கே" என்றான். ஆள் போய்ச் சேருவதற்கு முன்னால் காகிதம் போய்ச் சேர்ந்துவிடுகிற காலம் வந்துவிட்டது.

கடைசியில் தாராவியிலேயே, காலி டிரம் சுரண்டுகிற பட்டறையில் சேர்ந்தான். பெயிண்ட் கம்பெனிகளின் பழைய டிரம்களை நெருப்பில் காட்டி, காரம் ஊற்றிக் கழுவி விற்கிற இடம் அது. தானே ஏற்றி அனுப்பிய டிரம்களே காலியாகத் திரும்பி வந்து அவன் கைத்தோலை உரித்தன. மூன்றே மாசத்தில் இருமல் பிடித்தது. பக்கத்துச் சந்துக் கோலி வேறொருவனுக்குப் போனது. ஆறுமுகத்தாய்க்குப் போட வேண்டிய கடிதத்தை அவன் ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரத்துக்குத் தள்ளினான்.

*

தை மாசம் பூலோகத்துக்குச் சூப்பர்வைசர் ஆர்டர் வந்தது.

"ஹெட் ஆபீஸ்ல உங்களைப் பத்தித்தான் பேச்சு" என்றார் ஆபீசர், கண்ணைப் பார்க்காமல். "சொந்த மச்சினன்னு கூடப் பாக்காம கடைசியில போட்டிருக்கார், இப்படி ஒரு நேர்மையான ஆளான்னு."

தலையில் இடி விழுந்தாலும் இப்படி விழக்கூடாது. ஆனால் ஆர்டரை வேண்டாம் என்று சொன்னாரா? சொல்லவில்லை. வெள்ளைச் சட்டை, கோடவுன் மூலையில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி. முதல் வாரம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். இரண்டாம் வாரம் சாய்ந்து உட்கார்ந்தார். நாற்காலிக்கு அந்தக் குணம் உண்டு.

போன ஆளுக்குப் பதில் ஆள் வரவில்லை. பத்துப் பேர் ஏற்றிய லாரியை ஒன்பது பேர் ஏற்றினார்கள். பலகையின் வலது பக்கத்தில் இப்போது திருவேங்கடம் நின்றான். இடது பக்கத்துச் செங்கல் போதவில்லை, டிரம் பாதியில் சறுக்கியது. "பெரியவரே, கொஞ்சம் தள்ளித்தான் தொலையுமே" என்று எவனோ கத்தினான். அந்தக் கூட்டத்தில் அப்படி ஒரு வார்த்தை அதுவரை வந்ததில்லை.

வேறு சிலவும் மாறின. முன்பு ஒருவன் லேட்டாக வந்தால் மற்ற ஒன்பது பேரும் ஒரே பொய்யைச் சொல்வார்கள். இப்போது மேஜைக்கு ஒருவன் தனியாக வந்து, "சொல்லப்படாதுன்னு பாத்தேன் அண்ணாச்சி..." என்று ஆரம்பிப்பான். அதிகம் வந்தது இசக்கி. மத்தியானம் ஒன்றாக வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் இரண்டு இரண்டு பேராகப் பிரிந்தார்கள். பூலோகத்தின் வீட்டுக்கு ஊரிலிருந்து வந்த கருப்பட்டி என்று ஒருவன் கொண்டுவந்தான், மீன் என்று இன்னொருவன். கோமதியம்மாள், "இவுக எதுக்குத் திடீர்னு இப்படிக் கொண்டாருதாக?" என்று கேட்டாள். பூலோகம் பேப்பர் படிப்பதுபோல் இருந்தார்.

அடுத்த வருஷம் இரண்டாவது ஃபாரம் வந்தது. ஒன்பது பேர், அதே ஐந்து கட்டங்கள். நடுவில் மட்டும் ஒரு பெயர் குறைவு. கடைசிக் கட்டத்துக்கு ஒருவன் வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

"இந்தத் தடவை யார்கிட்டயும் கலந்துக்கப்படாது. கான்ஃபிடென்ஷியல்" என்றார் ஆபீசர்.

பூலோகம் மேஜையில் தனியாக உட்கார்ந்தார். கடைசிக் கட்டம் என்றால் என்ன என்று இப்போது தெரியும். ஒரு மணி நேரம் பேனாவைத் தொடவில்லை. எதிரே லாரியில் டிரம் ஏறிக்கொண்டிருந்தது. அவர் பார்த்தார். வானமாமலையின் கைகள் டிரம்மில் பட்டுக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். இத்தனை வருஷமாக அவர் மறைத்துவைத்த அந்த விஷயம் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. உள்ளதைத்தானே எழுதுகிறோம், பொய்யா எழுதுகிறோம் என்று தோன்றியது. எழுதினார். எழுதி முடித்ததும் மனசு கொதிக்கும் என்று காத்திருந்தார். கொதிக்கவில்லை. பசிக்கத்தான் செய்தது.

வானமாமலையை வயதைக் காட்டி அனுப்பினார்கள். போகிற அன்று பெரியவர் மேஜைக்கு வந்து, "ஒமக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுவே, எனக்குத் தெரியும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பூலோகம் தலையை ஆட்டினார். பிறகு எட்டுப் பேர் டிரம் ஏற்றினார்கள்.

அறுபத்தாறில் பம்பாயில் வேறு விதமான பெயர்ப் பட்டியல்கள் புறப்பட்டன. எந்தெந்தக் கம்பெனியில் எந்தெந்த மதராஸி ஆபீசர் இருக்கிறான் என்று மதராஸிகளை விரட்டச் சொல்லும் ஒரு மராத்திப் பத்திரிகையில் பெயர் பெயராக அச்சடித்து வருகிறதாகப் பேச்சு. அடி என்னவோ ஆபீசர்களுக்கு விழவில்லை, இட்லிக் கடைக்காரனுக்கும் லுங்கி கட்டினவனுக்கும்தான் விழுந்தது. இருந்தாலும் வேங்கடசுப்ரமணியன் ஒரு நாள் கோடவுனுக்கே வந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எம்பேரும் வந்திருக்கு, பூலோகம். யார் எழுதிக் குடுத்தான்னே தெரியலை. என்னைத் தெரியாதவன் எப்படி என் பேரை எழுதுவான்?"

பூலோகத்துக்கு இதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. யாராவது ஒருவன் மேஜையில் உட்கார்ந்து எழுதியிருப்பான். எழுதிவிட்டு அவனுக்கும் பசித்திருக்கும்.

*

அந்த வருஷத் தீபாவளிக்கும் ஆடு பிடித்தார்கள். வேலை போன இருவரும் பங்கு கொடுத்திருந்தார்கள், அதனால் பழையபடி பதினொரு இலைதான். ஜமால் அறுத்தான். பூலோகம் சாக்கில் உட்கார்ந்து கறியை எடுத்து வைக்க ஆரம்பித்தார். சுற்றி நின்றவர்கள் பேசவில்லை. முன்பெல்லாம் அந்த நேரத்தில் கேலி தாங்காது.

மறுநாள் அடுத்த ஃபாரம் கொடுக்க வேண்டும். அவர் மனசு அங்கே இருந்தது. ஜமாலுக்கு எது, திருவேங்கடத்துக்கு எது என்று ஓடிக்கொண்டிருந்தது. கை தன்பாட்டில் வேலை செய்தது.

முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

முதல் இலையில் ஈரலும் தொடைக்கறியும் குவிந்திருந்தன. அதற்கடுத்த இரண்டும் பரவாயில்லை. நடுவில் ஆறு இலை ஒரு மாதிரி. பிறகு ஒன்றில் வெறும் எலும்பு. கடைசி இலையில் குடலும் சவ்வும்தான்.

யாராவது கத்துவார்கள் என்று காத்திருந்தார். "என்ன அண்ணாச்சி, கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று ஒருவன் கேட்டிருந்தால் போதும், சிரித்துக்கொண்டே கலைத்துவிட்டு முதலிலிருந்து போட்டிருப்பார். ஒருவரும் கேட்கவில்லை. ஒருவரும் இலையை எடுக்கவும் முன்வரவில்லை. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர்கள் கண்ணில் கோபம் இல்லை, அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"நீங்களே சொல்லிருங்க அண்ணாச்சி, யாருக்கு எதுன்னு" என்றான் இசக்கி. சொல்லிக்கொண்டே முதல் இலையை எடுத்துப் பூலோகத்தின் சட்டியில் கவிழ்த்தான். "இது உங்களுக்கு. நீங்க உக்காந்து போட்டிருக்கீக."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார் பூலோகம். ஆனால் ஒவ்வொருவராகப் பெயர்தான் சொன்னார். சொல்லச் சொல்ல எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். ஜமால் மட்டும் ஒரு கணம் நின்று அவரைப் பார்த்தான், பிறகு அவனும் போனான். எலும்பு இலையை வானமாமலை வந்து எடுத்தார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

கடைசி இலை கிடந்தது. சந்தின் சுவரோரம் கணேசபாண்டியன் நின்றான். இரண்டு வருஷத்தில் தோள் இறங்கி, கை வெந்து தோலுரிந்து, வேறு ஆள் மாதிரி இருந்தான். பூலோகம் அவன் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவன் வந்து குனிந்தான். இருமல் வந்தது, அது நிற்கும்வரை இலையைப் பிடித்துக்கொண்டே குந்தியிருந்தான்.

"ஏலே, அத வையி" என்றார் பூலோகம். "இந்தா, இந்தச் சட்டியக் கொண்டு போ."

"இருக்கட்டும் அத்தான்" என்றான் அவன். அவன் குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. "பழக்கந்தானே."

இலையை மடித்து எடுத்துக்கொண்டு பட்டறைப் பக்கம் நடந்தான். பூலோகம் சாக்கை உதறினார், கையைக் கழுவினார், சட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். வாசலில் கோமதியம்மாள் வழக்கம்போல் கையை நீட்டினாள். அவள் இன்னும் மூடியைத் திறக்கவில்லை.

"கடைசிக் கூறுதானே?"

"பின்னே?" என்றார் பூலோகம்.

அவள் மூடியைத் திறந்தாள். மேலாக ஈரல் இருந்தது. திரும்ப மூடி, சட்டியைத் தரையில் வைத்துவிட்டு, தம்பி எந்தப் பக்கம் போனான் என்று கேட்டாள்.